பூங்காவனத்தின் வலது கை

பூங்காவனம் என் தம்பி பொன்னுதுரையின் பெண்டாட்டி. மலாக்காவில் நாங்கள் இருக்கும் காஜா பேராங் ரோட்டில் அவளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும், "பாவம், அந்தப் பூங்காவனம்" என்றுதான் தொடங்குகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளிடமே போய் அந்தப் பாவத்தைச் சொல்ல ஒருத்திக்கும் தைரியம் கிடையாது. எல்லாம் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரவிக்கைத் துணியை நீட்டிக்கொண்டே சொல்லும் பேச்சு. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். அவளைப் பாவமாக்கப் பார்த்தவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜாலான் பெண்டஹாராவின் பின்சந்தில் இருந்த மசாலா மில்லில் அவளுக்கு வேலை. காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள் என்று மூட்டை மூட்டையாக வரும். அதைக் கூடையில் அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, அரைக்கிற மெஷினின் வாயில் கொட்ட வேண்டும். வலது கை தூக்கும், இடது கை தாங்கும். பதினொரு வருடம் இதையே செய்ததில் அவள் வலது தோள் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு ரவிக்கை வெட்டும்போது வலது கைக்கு மட்டும் நான் அரை அங்குலம் கூட விடுவேன். சாயங்காலம் அவள் தெருமுனை திரும்பும்போதே மிளகாய் நெடி வீட்டுக்குள் வந்துவிடும். வாயும் கிட்டத்தட்ட அதே நெடிதான்.

நான் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். மூன்று பேரும் குடியிருந்தது செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில், கண்ணம்மா மாச்சி வீட்டின் பின்கட்டில். மாச்சி மலாக்கா செட்டி; தலைமுறை தலைமுறையாக மலாயே பேசிவரும் பழைய தமிழ்க் குடி. சாரோங் கெபாயா உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மனை மலாயில் கும்பிடுகிறவர். தமிழில் நாலைந்து சொல்தான் வரும். சுவரில் ஒரு சின்னக் கறை பட்டாலும் வாடகைக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவருக்கு நான் பயப்படுவேன். பூங்காவனம் பயப்பட மாட்டாள்.

ஐம்பத்தேழாம் வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு அவளுக்கு முதல் ஆபரேஷன். வயிற்றில் கட்டி வளர்ந்து, நிற்காமல் உதிரம் போய், கடைசியில் கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆயிற்று. கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. இனிமேல் இல்லவே இல்லை என்று ஆனபோது பொன்னுதுரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதான். அவன் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறவன். ரோட்டைத் தோண்டி எவ்வளவு பெரிய குழாயையும் அடைத்துவிடுவான், கண்ணீரை மட்டும் அடைக்கத் தெரியாது. பூங்காவனம் படுத்த இடத்திலிருந்து அவனைப் பார்த்து, "பதினாறு வருசமா யாரும் குடிவராத ரூம்பு. இடிச்சா இடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் வயிற்றுக்குக் கட்டுத்துணி கட்டிவிடுவது என் வேலை. தையல் போட்ட இடத்தில் ஒரு மூலை மட்டும் ஆறவே இல்லை; தினமும் கசியும். ஒருநாள் துணியை இழுத்து மார்புக்குக் கீழே செருகும்போது என் விரலில் ஏதோ தட்டியது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலது பக்கம். இருபது வருடமாகத் துணிக்கு அடியில் ஊசியைத் தேடிப் பழகிய விரல் இது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். வயிற்று ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"ஒன்னு ஒன்னாத்தானக்கா சொல்ல முடியும்" என்றாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்று என்றார். மார்பை எடுக்க வேண்டும், அக்குளில் பரவியிருப்பதையும் சேர்த்து வழித்தெடுக்க வேண்டும், அதற்குப் பிறகு சிங்கப்பூருக்குப் போய் ஐந்து வாரம் எக்ஸ்ரே மெஷினில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண் என்றார். வயிற்றுப் புண் ஆறும்வரை பொறுக்கலாமா என்று பொன்னுதுரை கேட்டான். இது பொறுக்காது என்றார் டாக்டர்.

வீட்டில் அன்று ஒரே பஞ்சாயத்து. எனக்குத் தெரிந்த ஆள், தெரியாத ஆள் எல்லாரும் வந்தார்கள். ஒருத்தி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டால் கட்டி கரைந்துவிடும் என்றாள். பதினொரு வருடம் மஞ்சளிலேயே குளித்தவளிடம் வந்து மஞ்சளைப் பற்றிப் பேசுகிறாயே என்று பூங்காவனம் அவளை அனுப்பிவைத்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. ஆறாத வயிற்றோடு இன்னொரு வெட்டை உடம்பு தாங்காது, ஆறு மாதம் போகட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உண்மையைச் சொன்னால், அவள் செத்துப்போவாளோ என்ற பயம் பாதிதான். மார்பில்லாத ஒருத்தியைத் தெருவில் எப்படிக் கூட்டிக்கொண்டு நடப்பது என்ற பயம் மீதி. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் சம்மதக் காகிதத்தை நீட்டினார்கள். புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். பொன்னுதுரை பேனாவைப் பிடித்தபடியே விக்கினான். பூங்காவனம் காகிதத்தை அவன் பக்கம் தள்ளி, "மொதல்ல கையெழுத்தப் போடுங்க. அழுவறத வெளிய போயி அழுவுங்க" என்றாள். அவன் அதே வரிசையில் செய்தான்.

சித்திரை மாதக் கடைசியில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது கையைப் பற்றி. கை இருந்தது, ஆனால் எழும்பவில்லை. அக்குளில் வழித்தெடுத்ததில் தோள் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிட்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவே இடது கை வந்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோள் உயரத்துக்காவது கை விலகாவிட்டால் சிங்கப்பூரில் மெஷினுக்கு அடியில் படுக்கவைக்க முடியாது, கதிர் அக்குளுக்குள் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் ஏற வேண்டும். பல்லி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

பின்கட்டுச் சுவரில் பூங்காவனம் ஏற ஆரம்பித்தாள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தரம். விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. முதல் வாரம் கோடுகள் எல்லாம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஏறும்போது அவள் முனகமாட்டாள், திட்டுவாள். கையைத் திட்டுவாள், சுவரைத் திட்டுவாள், காதில் விழும் தூரத்தில் இருந்தால் என்னையும் திட்டுவாள். சில நாள் தையல் இழுத்து ரவிக்கையில் ஈரம் தெரியும். போதும் என்று சொன்னால் கேட்கமாட்டாள்.

கண்ணம்மா மாச்சியின் சுவர் அது என்று எனக்குத் திக்திக்கென்று இருந்தது. வைகாசியில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. கம்பம் முழுக்க வெள்ளையடிப்பார்கள். மாச்சி தன் வீட்டுக்கும் ஆள் வைத்து அடித்தார். பின்கட்டுக்கு வந்தபோது ஆளை நிறுத்தி, கரிக்கோடுகள் இருந்த ஒரு முழ அகலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கச் சொன்னார். பூங்காவனம் அன்று மத்தியானம் ஒரு விரற்கடை கூடுதலாக ஏறினாள்.

அதற்குள் மில்லில் அவள் இடத்துக்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல வந்த கங்காணியிடம், போட்டது சரி, நான் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். குழாயடியில் ஒருத்தி என்னிடம், கர்ப்பப்பையும் போயிற்று, மாரும் போயிற்று, இனிமேல் பெண்பிள்ளை என்று சொல்ல என்ன மிச்சம் என்று கேட்டாள். இடது கையால் வாளி தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த பூங்காவனத்தை அவள் பார்க்கவில்லை.

"நான்தான் மிச்சம்" என்றாள் பூங்காவனம். "வாளிய நவுத்து, தண்ணி புடிக்கணும்."

ஆடி பிறப்பதற்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் வரிசையில் இருக்கும் அடுத்த நோயாளிக்குப் போகும். அப்புறம் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. அந்த இங்கிலீஷ் கடிதத்தை வாசித்து அர்த்தம் சொன்ன தபால்காரர் இரண்டு தரம் வாசித்தார். கரிக்கோடு அப்போது அவள் வாய் உயரத்துக்கு வந்திருந்தது. மெஷினுக்கு அது போதும்.

இனி என் தப்பு வருகிறது.

அவள் ரவிக்கை வலது பக்கம் காலிப் பையாகத் தொங்கியது. நான் தைத்த ரவிக்கை கோணலாக நின்றால் என்னால் சோறு தின்ன முடியாது. சிங்கப்பூர் பஸ்ஸில், ஆயிரம் பேர் நடமாடும் ஊரில், அவள் அப்படிப் போய் நிற்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. இலவம்பஞ்சை அடைத்து ஒரு பை தைத்தேன். கனமில்லாமல் அது கழுத்துக்கு ஏறிக்கொண்டது. பச்சைப்பயறு போட்டுப் பார்த்தேன், நடந்தால் சலசலத்தது. கடைசியில் பழைய வேட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு, இரண்டு கைப்பிடிப் பச்சரிசியை நிரப்பினேன். வடிவமும் கனமும் அப்படியே அமைந்தது. எனக்கு என் கைமேல் பெருமை தாங்கவில்லை. கண்ணம்மா மாச்சி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது யாருக்காக என்று மலாயில் கேட்டார். பூங்காவனத்துக்குத்தான், வேறு யாருக்கு என்றேன். அவர் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பூங்காவனம் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. நாலு பேர் பார்ப்பார்கள் என்றேன், தம்பியின் மானம் என்றேன், அதற்கும் அசையாதபோது அழுதேன். அழுகைக்கு அவள் இணங்கினாள். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அழுவது போதும் என்று சொல்லிப் பையை வாங்கிச் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நானும் அவளும் புறப்பட்டோம். பொன்னுதுரைக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவனை வைத்துக்கொண்டு இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். மூவாரில் பஸ்ஸோடு படகில் ஆற்றைக் கடந்தோம். பத்து பகாட் ஊரில் டீ குடித்தோம். அது தாண்டி, ஆயர் ஈத்தாம் வருவதற்கு முன்னால், ரோட்டின் குறுக்கே முள்கம்பி போட்டிருந்தது. மலாய்ப் போலீஸ் கோப்பரல் ஒருவன் ஏறி, "செமுவா துரூன்" என்றான். எல்லாரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் சாக்குப்படுதா கட்டிய கொட்டகைக்கு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு எதுவும் போய்ச் சேரக்கூடாதென்று அந்த ஜொகூர்ப் பக்கமெல்லாம் இன்னும் கட்டுப்பாடு இருந்தது. சமைக்காத அரிசி ஒரு பிடி கையில் இருந்தாலும் கேஸ். எங்கள் மலாக்காவில் அந்தக் கட்டுப்பாடெல்லாம் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடம் அரிசியை இஷ்டத்துக்கு வாங்கி, இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டு நடந்து, அது ஒரு குற்றமாக இருந்ததையே நான் மறந்துபோனேன். மலாக்காக்காரியைத் தவிர வேறு யாரும் அந்த வருடத்தில் அரிசியை ரவிக்கையில் வைத்துக்கொண்டு ஜொகூருக்குள் போயிருக்கமாட்டார்கள். அவள் காதில் சொல்லக்கூட நேரமில்லை.

கொட்டகையில் சோதனை போட்டவள் தமிழ்ப் பெண்பிள்ளை. காக்கிச் சட்டை, காக்கிப் பாவாடை, நாற்பது வயதிருக்கும். கோப்பரல் அவளை அஞ்சலை என்று கூப்பிட்டான். எஸ்டேட்டுப் பெண்பிள்ளைகளைச் சோதித்துச் சோதித்துக் காய்த்துப்போன கை. இரண்டு கையையும் மேலே தூக்கு என்று பூங்காவனத்திடம் சொன்னாள். இடது கை மேலே போயிற்று. வலது கை வாய் உயரத்தில் நின்றுவிட்டது.

"தூக்கு" என்றாள் அஞ்சலை மறுபடி.

"இவ்ளோதான் வரும்."

கையைத் தூக்காதவள் கக்கத்தில் எதையோ வைத்திருக்கிறாள் என்பதுதான் அவளுக்குப் பாடம். நேராக அங்கேதான் கை போட்டாள். பை அவள் விரலில் நறநறவென்றது. என்ன இது என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்து, பஞ்சு, பஞ்சு என்று உளறினேன். அந்தப் பொய்தான் காரியத்தை முழுசாகக் கெடுத்தது.

"அரிசி" என்றாள் பூங்காவனம்.

அஞ்சலை படுதாவுக்கு வெளியே தலையை நீட்டிக் கோப்பரலிடம் சொன்னாள். அவன் அங்கிருந்தே பதில் சொன்னான்: ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், கேஸ் எழுத வேண்டும், பஸ் நிற்காது. நாளை காலை எட்டு மணி. அடுத்த நோயாளி. ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண் என்று டாக்டர் சொன்னது. நான் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம், சீக்காளி, பிள்ளையில்லாதவள், பாவம் பார்த்து விட்டுவிடு என்று கெஞ்சினேன்.

"அக்கா, வாய மூடுங்க" என்றாள் பூங்காவனம். அவள் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு இடது கையால் ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அரிசிப் பையை எடுத்து மேசையில் வைத்தாள். ரவிக்கையை விரித்தாள்.

அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் சிவப்பாக ஒரு வடு. அதற்கு அடியில் தோல் விலாவோடு ஒட்டிக் கிடந்தது. கட்டுத்துணியைத் தளர்த்தி வயிற்றையும் காட்டினாள். வீட்டில் தினமும் பார்த்த எனக்கே அந்தக் கொட்டகையின் வெளிச்சத்தில் பார்க்க முடியவில்லை. அஞ்சலை கண்ணை எடுக்கவில்லை.

"வயித்துல ஒன்னு, இங்க ஒன்னு. எதையும் ஒளிச்சி வைக்க இதுல எடமில்ல" என்றாள் பூங்காவனம். "அந்த அரிசி எங்க நாத்தனாரு வெக்கம். அவங்க வெக்கத்துக்கு நான் ஸ்டேஷனுக்குப் போவ முடியாது. நாளைக்கி எட்டு மணிக்கி சிங்கப்பூர்ல எனக்கு மெஷினு இருக்கு. கடுதாசி இருக்கு, படிச்சிப் பாரு."

அஞ்சலை கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. வெளியே போய்க் கோப்பரலோடு மலாயில் கொஞ்ச நேரம் பேசினாள். அவன் குரல் முதலில் ஏறி, பிறகு இறங்கியது. திரும்பி வந்து, அரிசியை மட்டும் பறிமுதல் செய்துகொண்டு போகவிடுவதாகச் சொன்னாள். புத்தகத்தில் எழுத வேண்டும், எங்கே இருந்தது என்றும் எழுத வேண்டும். பென்சிலை எடுத்தவள் சற்று நின்று, "மடியிலன்னு எழுதிக்கிறேன்" என்றாள். அது அவள் செய்ய நினைத்த உபகாரம். நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

"மாரு இருந்த எடத்துலன்னு எழுது" என்றாள் பூங்காவனம். "மடியில நான் எதையும் கொண்டாரல."

அஞ்சலை அப்படியே எழுதினாள். பையின் தையலைக் கத்தியால் அறுத்து அரிசியை ஒரு தகரத்தில் கொட்டினாள். வெறும் துணியை என்னிடம் கொடுத்தாள். பூங்காவனம் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கும் ரவிக்கையோடு பஸ்ஸில் ஏறினாள். முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள் என்று பார்த்தேன், மூடவில்லை. பஸ் முழுக்க அவளையே பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அழ உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ரொம்ப தூரம் போனபின் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "நல்லாத்தான் தச்சிருந்தீங்க. கத்தி போட்டுத்தான் பிரிக்க முடிஞ்சிச்சி" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து வாரம். அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, தினமும் போய் வந்தேன். மார்பிலும் தோளிலும் ஊதா மையால் கோடு போட்டார்கள். அந்தக் கோடு அழியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, எண்ணெய், பவுடர், மஞ்சள், திருநீறு ஒன்றும் கூடாது. அறையில் தனியாகப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். மெஷின் ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். முதல் வாரம் இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது. மூன்றாவது வாரம் தோல் கறுத்து, நாலாவது வாரம் வெடித்து உரிந்தது. அதே வாரம் வயிற்றுப் புண்ணின் பழைய மூலையும் மறுபடி கசிந்தது. எதிர்க்கட்டில்காரி பாதியில் துணிமணியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். நானும் வாய்விட்டுக் கேட்டேன், போதும், போய்விடலாமா என்று. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, உங்களுக்கு வேலை இருந்தால் நீங்கள் போங்கள் என்றாள்.

கையை அங்கேயும் விடவில்லை. வார்டுச் சுவரில் கரிக்கோடு போட முடியாது. பளபளவென்று வெள்ளைக் கல் பதித்த சுவர். கல்லைக் கணக்கு வைத்துக்கொண்டாள். வந்த அன்று எட்டாவது கல். தோல் வெந்தபோது ஏழாவது கல்லுக்கு இறங்கிவிட்டது. அன்றுதான் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றதைப் பார்த்தேன். அவள் அழுதாளா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே ஏழாவது கல்லிலிருந்து ஆரம்பித்தாள்; அதற்குப் பிறகு எத்தனையாவது கல் என்று என்னிடம் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. தங்கியிருந்த வீட்டில் மெஷின் இல்லை; கையாலேயே ஒரு ரவிக்கை தைத்தேன். இடது பக்கம் மட்டும் மார்புக்கு மடித்து டக் பிடித்தேன். வலது பக்கம் டக்கே இல்லாமல், அளவெடுத்தபடி தட்டையாக, மெத்தென்று மல் துணி உள்ளே வைத்து வெட்டினேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு ரவிக்கை வெட்டியதில்லை. மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் போட்டுப் பார்த்து, தோளை முன்னும் பின்னும் அசைத்து, இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பியபோது மலாயா சுதந்திரத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஜொகூர் பாருவிலிருந்தே கடைகளில் கொடி, ரோட்டில் வளைவு. பொன்னுதுரை கடிதம் போட்டிருந்தான்: மலாக்காவில் விளக்கு அலங்காரம் பிரமாதமாக இருக்கிறதாம், அவளுக்குக் காட்ட வேண்டுமாம், சுவரில் கோடு இருந்த இடத்தை மாச்சி இன்னும் அப்படியே வைத்திருக்கிறாராம். பஸ் ஆயர் ஈத்தாமைத் தாண்டி, அதே முள்கம்பிக்கு முன்னால் நின்றது. சுதந்திரம் வரப்போகிறது, அரிசிக் கட்டுப்பாடு மட்டும் போகவில்லை.

இறங்கினோம். கொட்டகையில் அதே அஞ்சலைதான். வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, அதட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் முன்னால் வந்ததும் அஞ்சலையின் கை நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் முகம் இளகியது.

"நீங்க பஸ்ஸுக்குப் போங்கக்கா. ஒங்களுக்கு வேணாம்" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. புதிய ரவிக்கைக்கு உள்ளே தோல் பச்சைப் புண்ணாகக் கிடந்தது எனக்குத் தெரியும். காலையில்தான் துணியை ஒட்டாமல் எடுத்து மாற்றியிருந்தேன். நட, நட என்று அவள் முதுகைத் தொட்டேன். அவள் நகரவில்லை.

"ஏன் எனக்கு வேணாம்?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

"பாவம்னுதானே? அது எனக்கு வேணாம். எல்லாரையும் பாக்குற மாரி என்னையும் பாரு" என்றாள் பூங்காவனம்.

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். இடது கை சுலபமாகப் போயிற்று. வலது கை வாய்வரைக்கும் வந்தது, போன தடவை நின்ற இடம். அங்கே அவள் முகம் ஒரு தரம் சுளித்தது. கை நிற்கவில்லை. காதைத் தாண்டியது, நெற்றியைத் தாண்டியது, மில்லில் கூடையைக் கவிழ்க்கிற உயரத்துக்குப் போய், கொட்டகையின் குறுக்கு மூங்கிலைத் தொட்டு நின்றது. ரவிக்கையின் ஓரத்தில் ஈரம் ஊறுவதை நான் பார்த்தேன். அவள் கையை இறக்கவில்லை.

அஞ்சலை ஒரு நிமிடம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் தட்டுகிறபடியே தோளிலிருந்து இடுப்புவரை தட்டினாள். தட்டையான பக்கத்தில் அவள் கை தயங்கவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை. மடியைப் பார்த்தாள், துணிக்கூடையைப் பார்த்தாள்.

"ம், சரி. போ" என்று அதட்டினாள். "அடுத்த ஆளு."

அடுத்த ஆள் நான்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.